மாட்டின் வயிறு கேன்டீனின் குப்பைத்தொட்டி அல்ல

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டிச் சிறுசேரி பக்கம் மாலை நேரத்தில் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மொபெட்டின் இரண்டு பக்கமும் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்களைக் கட்டிக்கொண்டு ஒருவர் சிப்காட் வளாகத்துப் பக்கமிருந்து வருவார். டிரம்முக்குள் மதியம் மிஞ்சிய சோறு, சாம்பார், சப்பாத்தி, பிரியாணி எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். கேன்டீன்களும் விடுதிகளும் காசு வாங்காமல் கொடுப்பதுதான். படூர், புதுப்பாக்கம், தாழம்பூர் என்று சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருக்கும் பல வீடுகளில் இன்றைக்கு இதுவே முக்கியத் தீவனம்.

அப்படி ஒரு வீட்டுக்குச் சென்ற ஆண்டு போயிருந்தேன். தீவனப் புல் கரணை கேட்டிருந்தார்கள் என்று போன இடத்தில், கலப்பின ஜெர்சி மாடு ஒன்று தொழுவத்தில் படுத்துக் கிடந்தது. வயிறு உப்பியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தது. சாணம் தண்ணீராகப் போய்ப் புளித்த வாடை அடித்தது.

"நேத்து சாயங்காலம் நல்லாத்தான் சார் இருந்துச்சு. கம்பெனியில ஏதோ விழாவாம், சோறு நிறைய மிஞ்சிடுச்சுன்னு ரெண்டு பக்கெட் கூடவே கொடுத்தாங்க. ஆசையா தின்னுச்சு. விடிஞ்சதும் அசை போடல, எழுந்திருக்கவும் மாட்டேங்குது" என்றார் அந்த வீட்டு அக்கா.

கால்நடை மருத்துவர் வந்து குளுக்கோஸ், ஊசி எல்லாம் போட்டார். மாடு பிழைத்தது. ஆனால் அந்தக் கறவையில் பால் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. சில வாரத்தில் குளம்பு வலி வந்து நொண்டவும் ஆரம்பித்தது. இலவசமாக வந்த இரண்டு பக்கெட் சோற்றுக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை அது.

நான் கால்நடை மருத்துவன் இல்லை. பயிர்களைப் படித்தவன். ஆனால் மாட்டுக்குத் தீனி நிலத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதால் இது என் வேலையும்தான். அந்த அக்கா மாட்டைப் பட்டினி போடவில்லை. கிடைத்ததில் நல்லதென்று நினைத்ததைத்தான் கொடுத்தார். அவருக்கு யாரும் சொல்லாமல் விட்டது மாட்டின் வயிறு எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

தீனி மாட்டுக்கு அல்ல, நுண்ணுயிர்களுக்கு

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. அவற்றில் பெரியது, மருத்துவர்கள் ரூமன் என்று சொல்லும் பெருவயிறு. நன்கு வளர்ந்த கலப்பின மாட்டுக்கு இது 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். இதற்குள் கோடானுகோடி பாக்டீரியாக்களும் புரோட்டோசோவா என்ற நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் வாழ்கின்றன. வைக்கோலையும் புல்லையும் செரிக்கும் சக்தி மாட்டுக்குக் கிடையாது, நமக்கும் கிடையாது. இந்த நுண்ணுயிர்கள்தான் நார்ச்சத்தை நொதிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்ரிக் என்ற அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்குத் தேவையான எரிசக்தியில் பெரும்பகுதி, ஏறத்தாழ 70 சதவீதம், இந்த அமிலங்களிலிருந்துதான் வருகிறது. செத்த நுண்ணுயிர்கள் அடுத்த வயிற்றுக்குப் போய் அங்கே செரித்து, மாட்டுக்குப் புரதமும் ஆகின்றன.

பின்லாந்து நாட்டு விஞ்ஞானி ஆர்த்தூரி விர்த்தானென் இதை 1960-களில் சோதித்துக் காட்டினார். பசுந்தீவனத்தைக் கெடாமல் சேமிக்கும் முறைக்காக 1945-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர் அவர். புரதமே இல்லாத தீவனத்தில் யூரியாவையும் அம்மோனிய உப்பையும் மட்டும் நைட்ரஜனுக்காகச் சேர்த்துக் கொடுத்தார். மாடு பால் கறந்தது. அந்தப் பாலில் இருந்த புரதத்தை உருவாக்கியவை நுண்ணுயிர்கள். இதைப் படித்துவிட்டு யாரும் யூரியாவைக் கையில் அள்ளித் தொட்டியில் போட்டுவிட வேண்டாம்; அது விஷம். நாம் கொடுக்கும் தீனி முதலில் பெருவயிற்று நுண்ணுயிர்களுக்குத்தான் போகிறது, அவை நலமாக இருந்தால்தான் மாடு நலமாக இருக்கும். நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்.

அந்த நுண்ணுயிர்களுக்குப் பிடித்தது அதிகப் புளிப்பில்லாத சூழல். அமில-காரநிலை 6-லிருந்து 7-க்குள் இருந்தால் நார் செரிக்கும் பாக்டீரியாக்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். நொதித்தல் நடக்க நடக்க அமிலம் சேருமே, அதை யார் தணிப்பது? மாட்டின் உமிழ்நீர். அதில் சோடா உப்பு இயற்கையாகவே இருக்கிறது. நார்த்தீவனம் தின்று நன்றாக அசைபோடும் மாட்டுக்கு ஒரு நாளில் 100 லிட்டர் அளவுக்குக்கூட உமிழ்நீர் சுரக்கும். மாடு ஒரு நாளில் 8 மணி நேரம் வரை அசைபோடுவது சோம்பலால் அல்ல; தன் வயிற்றுக்குத் தானே மருந்து தயாரித்துக்கொள்கிறது.

சோறு செய்யும் வேலை

இப்போது இந்த வயிற்றுக்குள் ஒரு பக்கெட் சோறு போகிறது என்று வையுங்கள். 10 கிலோ சோற்றில் சுமார் 7 கிலோ தண்ணீர். மீதி 3 கிலோவும் ஏறக்குறைய மாவுச்சத்துதான். நார் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. அரிசி வெந்து குழைந்திருப்பதால் பச்சைத் தானியத்தைவிட வேகமாக நொதிக்கும். மெல்ல வேண்டிய தேவையும் இல்லை. பத்து நிமிடத்தில் உறிஞ்சிவிடும். அசைபோடவும் எதுவும் இல்லாததால் உமிழ்நீர் வராது.

மாவுச்சத்து குவிந்ததும் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் மடமடவென்று பெருகும். அமில-காரநிலை 5.5-க்குக் கீழே இறங்கும். நார் செரிக்கும் பாக்டீரியாக்கள் செயலிழக்கும். அதற்கும் கீழே போனால் பெருவயிறு அசைவதே நின்றுவிடும். உடம்பிலுள்ள தண்ணீர் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, கண்கள் குழிவிழும். அமிலம் இரத்தத்தில் ஏறும். மாடு தள்ளாடிப் படுத்துவிடும். கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் சாகவும் செய்யும். இதைத்தான் அமில நோய் என்கிறோம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் இந்த நோயோடு மாடுகள் வருவது கால்நடை மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆண்டுக்கு ஒரு நாள் அன்பின் மிகுதியால் ஊட்டும் பொங்கலே இந்தப் பாடு படுத்தும் என்றால், தினமும் டிரம் டிரம்மாக ஊற்றினால் என்னவாகும்?

"எங்க பாட்டி காலத்துலயும் மாட்டுக்குக் கழனித்தண்ணி வெச்சாங்களே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அன்றைக்கு வீட்டில் மிஞ்சிய சோறே ஒரு பிடிதான் இருக்கும். அரிசி களைந்த தண்ணீரும் காய்கறித் தோலும் கொஞ்சம் தவிடும் சேர்ந்ததே கழனித்தண்ணி. அதைக் குடிக்கும் முன் மாடு நாள் முழுக்க ஏரிக்கரையிலும் அறுவடை முடிந்த கழனியிலும் மேய்ந்து, வயிறு நிறையப் புல்லோடு வீடு திரும்பியிருக்கும். இன்று மேய்ச்சல் நிலத்தில் கட்டடம் நிற்கிறது. புல் பத்து மடங்கு குறைந்து சோறு நூறு மடங்கு கூடினால், அதைப் பழைய வழக்கம் என்று எப்படிச் சொல்வது?

படுக்காத மாட்டுக்கும் நோய் உண்டு

அமில நோய் என்றால் மாடு விழுந்தால்தான் என்று நினைக்காதீர்கள். தினமும் 5 கிலோ, 6 கிலோ என்று சோறு தின்னும் மாடு நின்றுகொண்டேதான் இருக்கும். ஆனால் பெருவயிறு நாளின் பல மணி நேரம் புளித்தே கிடக்கும். இதன் முதல் அடையாளத்தைப் பால் சங்கத்தில் பார்க்கலாம். பாலின் கொழுப்புக்கு மூலப்பொருள் நார் செரிப்பதால் வரும் அசிட்டிக் அமிலம். நார் குறைந்தால் கொழுப்பு குறையும். ஜெர்சி கலப்பின மாட்டுப் பாலில் 4 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டிய கொழுப்பு கீழே இறங்கும். கொழுப்பையும் எஸ்.என்.எஃப். அளவையும் பார்த்து விலை போடும் இடத்தில், லிட்டர் கூடியும் பணம் கூடாது. "பால் நிறையத்தான் கறக்குது, காசுதான் வரல" என்ற புலம்பலுக்குப் பல வீடுகளில் காரணம் தீவனத் தொட்டியில்தான் இருக்கிறது.

அடுத்த அடையாளம் குளம்பு. அமிலம் குளம்பின் உள்சதையைத் தாக்கி நொண்ட வைக்கும். அதற்கடுத்தது சினை பிடிப்பதில் தாமதம். சோற்றில் புரதம் குறைவு, சுண்ணாம்புச்சத்தும் பிற தாதுக்களும் அதைவிடக் குறைவு. இத்தனையையும் கூட்டிப் பார்த்தால் டிரம் சோறு இலவசமில்லை.

அந்த டிரம்மில் சோறு மட்டும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. சாம்பார் கட்டிக்கொடுத்த பிளாஸ்டிக் பையும், ஸ்பூனும், பிரியாணி எலும்பும் கிடக்கும். மாடு நாக்கால் சுருட்டி விழுங்கும் பிராணி. பொறுக்கித் தின்னத் தெரியாது. 2019 அக்டோபரில் திருமுல்லைவாயிலிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பசுவின் வயிற்றிலிருந்து, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். இறைச்சிக் கழிவு விஷயத்தில் உலகம் பெரிய பாடமே படித்திருக்கிறது. பிரிட்டனில் 1986-ல் கண்டறியப்பட்ட பித்தப்பசு நோய், இறைச்சி-எலும்புத் தூளைப் பசுக்களுக்குத் தீவனமாகக் கொடுத்ததால் பரவியது. 1.8 லட்சம் மாடுகளுக்கு மேல் நோய் உறுதியானது. புல் தின்னும் பிராணிக்கு மாமிசம் வேண்டாம்.

அந்த அக்காவின் கேள்வி

இதையெல்லாம் அந்த அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், சோறு போடல. வேற என்னத்தப் போடட்டும்? மேய்க்க இடம் எங்க இருக்கு?" என்றார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. அடர்தீவனம் விலை ஏறுகிறது. நெல்லை இயந்திரத்தில் அறுப்பதால் வைக்கோலும் முன்போல் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. இதற்குப் பதில் சொல்லாமல் "சோறு போடாதே" என்று மட்டும் சொல்வது அறிவுரை ஆகாது. என் பதில் இதுதான்.

400 கிலோ எடையுள்ள, 10 லிட்டர் கறக்கும் மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நாளில் ஈரம் நீக்கிய கணக்கில் 10 முதல் 12 கிலோ தீனி வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கு நார்த்தீவனமாக இருக்க வேண்டும். பச்சைப்புல் 25 கிலோ, வைக்கோல் 4 கிலோ, அடர்தீவனம் 4 கிலோ என்று வைத்தால் கணக்கு நேராகிவிடும். கூடவே நாளுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும், எந்நேரமும் நல்ல தண்ணீரும் வேண்டும்.

இந்த 25 கிலோ பச்சைப்புல்லுக்கு எவ்வளவு நிலம்? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ (பிஎன்) 5 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், நல்ல மண்ணில், நல்ல நீரில் எக்டருக்கு ஆண்டுக்கு 360 டன் வரை தரக்கூடியது. 10 சென்ட்டுக்கு அது 14 டன்னுக்கு மேல். நாளுக்கு 40 கிலோ. ஆனால் நம் பகுதியில் கோடை கடுமை. கேளம்பாக்கம், கோவளம் பக்கம் கழிமுகத்தை ஒட்டிய இடங்களில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். அதனால் நான் பாதிதான் கணக்கு வைப்பேன். பாதி என்றாலும் நாளுக்கு 20 கிலோ. 10 சென்ட் இருந்தால் ஒரு மாட்டின் பச்சைப்புல் தேவை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வரிசைக்கு வரிசை 60 செ.மீ., கரணைக்குக் கரணை 50 செ.மீ. விட்டு நட்டால் 10 சென்ட்டுக்குச் சுமார் 1,350 கரணை பிடிக்கும். முதல் அறுப்பு 75 நாளில். பிறகு 45 நாளுக்கு ஒரு முறை. மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் போட்டால் புரதமும் கிடைக்கும், புண்ணாக்குச் செலவும் குறையும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கம்பு நேப்பியர் அழுகிவிடும். அங்கே நீர்ப்புல் போடுங்கள். வேலியோரம் அகத்தி வைக்க நிலமே தேவையில்லை.

நிலமே இல்லாதவர்கள் வைக்கோலைத் தரம் உயர்த்திக் கொடுக்கலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வைக்க வேண்டும். எடுத்ததும் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, சிறிது சிறிதாகப் பழக்கிக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடாது. மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் அறுவடை முடிந்ததும் வயலிலேயே வைக்கோலைக் கட்டுக் கட்டும் இயந்திரங்கள் ஓடுகின்றன. பத்து வீட்டார் சேர்ந்து ஒரு லாரி லோடு வாங்கினால் விலை கட்டுப்படியாகும்.

கரணைக்கும் பயிற்சிக்கும் நம் மாவட்டத்திலேயே காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. போய்க் கேளுங்கள்.

சோற்றை அடியோடு நிறுத்த முடியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு மாட்டுக்கு ஒரு நாளில் 2 கிலோவுக்கு மேல் வேண்டாம். அதையும் இரண்டு வேளையாகப் பிரித்து, வைக்கோல் தின்ற பிறகு, தவிட்டோடு பிசைந்து வையுங்கள். வெறும் வயிற்றில் ஒருபோதும் கூடாது. எந்தப் புதுத் தீனியையும் பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகவே பழக்குங்கள். புளித்ததையும் பூஞ்சை பிடித்ததையும் எருக்குழியில் போடுங்கள்.

பொறுப்பு யாருடையது?

இதுவரை மாடு வைத்திருப்பவர்களிடம் பேசினேன். ஆனால் இந்தப் பொறுப்பை அவர்கள் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமில்லை.

2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, பெரிய வளாகங்கள் தங்கள் மட்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ சாண எரிவாயு போன்ற எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டுவிட்டது. டிரம் சோற்றை மாட்டுக்காரரிடம் கொடுப்பது தர்மம் போலத் தெரியலாம். உண்மையில் வளாகம் செய்ய வேண்டிய வேலையை ஓர் ஏழை வீட்டு மாட்டின் வயிறு செய்கிறது. மருத்துவச் செலவும் அந்த வீட்டுக்கே போகிறது. மாட்டுக்கென்று கொடுக்கத்தான் வேண்டுமென்றால் சமைப்பதற்கு முன் நறுக்கிய காய்கறிக் கழிவு, கீரைத்தண்டு, முட்டைகோஸ் இலை, பழத்தோல் ஆகியவற்றைத் தனியாகப் பிரித்து அன்றன்றே கொடுங்கள். அதில் பிளாஸ்டிக் இருக்கக் கூடாது.

இன்னொன்றும் இந்த வளாகங்களால் முடியும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கும் வளாகங்களில் சுத்திகரித்த நீர் தினமும் வெளிவருகிறது. அதன் உப்பு அளவையும் தரத்தையும் முறையாகப் பரிசோதித்து, ஊராட்சி ஒதுக்கும் இடத்தில் தீவனப் புல்லுக்குப் பாய்ச்சலாம். அறுப்புக்கு இரண்டு வாரம் முன்பே அந்த நீரை நிறுத்திவிட வேண்டும். அலங்காரப் புல்தரைக்குப் போகும் தண்ணீரில் ஒரு பங்கு வந்தாலே போதும். நிலமில்லாத மாட்டுக்காரர்கள் குறைந்த விலையில் புல் அறுத்துப் போகட்டும். ஊராட்சிகளும் மிச்சமிருக்கும் மேய்ச்சல் புறம்போக்கை அளந்து வேலி போட்டு, மழையை நம்பி வளரும் கொழுக்கட்டைப் புல்லையாவது விதைக்க வேண்டும். விரிவாக்கப் பணியாளர்கள் கறவை மாடு உள்ள வீட்டுக்குப் போகும்போது பாலை மட்டும் கேட்காமல் தொட்டியையும் எட்டிப் பாருங்கள்.

இன்றே செய்யக்கூடியது

பரிசோதனைக்கூடம் எதுவும் இல்லாமல் உங்கள் மாட்டின் வயிற்றை நீங்களே சோதிக்கலாம். தீனி தின்று படுத்திருக்கும் நேரத்தில் பாருங்கள். படுத்திருக்கும் மாடுகளில் பாதியாவது அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். மேலே கொண்டுவந்த ஒரு கவளத்தை ஐம்பது அறுபது முறை மென்று விழுங்கினால் நல்லது. முப்பதிலேயே விழுங்கினால் நார் போதவில்லை. சாணம் அப்பமாகக் குவிந்து விழ வேண்டும். தண்ணீராகவும் நுரையாகவும் போனால் தீனியில் கோளாறு.

மாடு சோறோ தானியமோ அதிகம் தின்றுவிட்டது தெரிந்தால், படுக்கும் வரை காத்திருக்காதீர்கள். மிச்சத் தீனியை எடுத்துவிட்டு வைக்கோலை மட்டும் போடுங்கள். உடனே மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். சமையல் சோடா கொடுப்பதென்றாலும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

அந்த அக்கா வீட்டுப் பின்புறம் ஆறு சென்ட் இடம் கிடந்தது. குப்பையைக் கூட்டிவிட்டுக் கரணை நட்டோம். இப்போது இரண்டு அறுப்பு முடிந்திருக்கிறது. டிரம் இன்னும் வருகிறது, ஆனால் அதில் பெரும்பகுதி எருக்குழிக்குப் போகிறது. "புல்லு போட்டதுக்கப்புறம் மாடு ராத்திரியெல்லாம் அசை போடுற சத்தம் கேக்குது சார்" என்றார் போன வாரம் போனில். உங்கள் தொழுவத்தில் அந்தச் சத்தம் கேட்கிறதா என்று இன்றிரவு கவனித்துப் பாருங்கள்.